திருவையாற்று ஆராதனை: பாடகர்களே நடத்திய விழாவின் வரலாறு

ஆராதனை என்னும் சொல்லை நாம் ஞாயிறுதோறும் வழங்கி வருகிறோம். காலை ஆராதனை, மாலை ஆராதனை, திருவிருந்து ஆராதனை என்று அறிவிப்புப் பலகையில் எழுதுகிறோம். காவிரிக் கரையில் இதே சொல்லுக்கு வேறொரு வழக்கும் உண்டு. துறவு பூண்ட ஒருவர் மறைந்த திதியில் அவருடைய சமாதியில் செய்யப்படும் வழிபாட்டுக்கு அங்கே ஆராதனை என்று பெயர். தஞ்சாவூருக்கு வடக்கே ஏறக்குறைய 13 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருவையாற்றில் தியாகராசர் நினைவாக ஆண்டுதோறும் நிகழும் விழாவை இசையுலகத்தார் ஊர்ப்பெயரும் சேர்க்காமல் 'ஆராதனை' என்றே குறிப்பிடுவர். அவ்விழாவின் வரலாற்றைப் போதகர்களும் இறையியல் மாணவர்களும் அறிந்திருத்தல் நலம் என்று கருதுகிறோம்.

இக்கருத்து நமக்கு எழுந்த சூழலையும் சொல்லிவிடுவோம். புதுவைக்குத் தெற்கே, கடலூர்ச் சாலையில், சுண்ணாம்பாற்றங்கரையிலுள்ள நோணாங்குப்பத்தில் இருந்துகொண்டு இதை எழுதுகிறோம். இவ்வட்டாரத்துச் சபை ஒன்றின் பாடகர் குழுவில் மூண்ட பிணக்கைத் தீர்த்து வைக்கும்படி அண்மையில் நம்மை அழைத்திருந்தனர். கிறிஸ்து பிறப்புக் கீத ஆராதனையில் தனிப்பாடல் யாருக்கு என்பதே வழக்கு. அதற்குள் இன்னும் மூன்று வழக்குகள் ஒளிந்திருந்தன: எந்தக் குடும்பத்துக்கு முதலிடம், கீர்த்தனையா ஆங்கில மெட்டா, பெண்கள் முன்வரிசையில் நிற்கலாமா என்பன அவை. இரண்டு மணி நேரம் பேசியும் தீராத அவ்வழக்கை விட்டு வீடு திரும்பும் வழியில்தான் திருவையாறு நம் நினைவுக்கு வந்தது. பாடுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் ஒரு விழாவைத் தாமே நடத்த முற்பட்டு, ஏறத்தாழ இதே வழக்குகளால் முப்பது ஆண்டுகள் பிளவுண்டு கிடந்தனர். பிறகு ஒருநாள் ஒன்றாக உட்கார்ந்து பாடினர்.

தியாகராசர் 1767இல் திருவாரூரில் பிறந்து, வாழ்நாளின் பெரும்பகுதியைத் திருவையாற்றில் கழித்து, 1847 ஜனவரி 6ஆம் நாள் அங்கேயே மறைந்தார். மறைவுக்குச் சற்று முன்னர்ச் சந்நியாசம் பெற்றமையால் அவருடல் எரியூட்டப்படாமல் காவிரிக் கரையில் அடக்கம் செய்யப்பட்டது. அதன்மேல் எழுந்த சிறு மாடம் காலப்போக்கில் கவனிப்பாரற்றுப் போயிற்று. அவருடைய கீர்த்தனைகளோ உமையாள்புரம், தில்லைஸ்தானம், வாலாஜாபேட்டை எனச் சீடர் பரம்பரைகள் வாயிலாக நாடெங்கும் பரவின. பாட்டு வாழ்ந்தது, பாடியவரின் கல்லறை புதர் மூடிக் கிடந்தது. 1903இல் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும், தியாகராசரிடம் நேரே பயின்ற முதியவர்கள், அவ்விடத்தைத் தேடி வந்து பழுது பார்த்தனர்.

1908ஐ ஒட்டி, தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதரும் அவருடைய தம்பி பஞ்சு பாகவதரும் அங்கே ஆண்டு விழாவைத் தொடங்கினர். நரசிம்ம பாகவதர் அதே காலத்தில் தியாகராசர் கீர்த்தனைகளைத் தொகுத்து நூலாகவும் வெளியிட்டார். இவர்கள் மிராசுதாரரும் அல்லர். கோயில் அறங்காவலரும் அல்லர். கச்சேரியும் கதாகாலட்சேபமும் செய்து பிழைத்த பாடகர்கள். ஆகவே விழாவின் அமைப்பும் பாடகர்களுக்கு ஏற்றதாகவே இருந்தது. அங்கே பாடுவோர்க்குச் சன்மானம் இல்லை. எவரும் தம் செலவில் வந்து, தம் முறை வரும்போது பாடிச் செல்ல வேண்டும். விழா நாளின் காலையில் தியாகராசர் வாழ்ந்த திருமஞ்சன வீதி வீட்டிலிருந்து சமாதி வரையில் உஞ்சவிருத்தி, அதாவது பாடிக்கொண்டே அரிசி யாசித்துச் செல்லுதல், நடைபெறும். பெருநகரங்களில் கட்டணம் வைத்துப் பாடிய வித்துவான்கள் ஒரு சிற்றூர்த் தெருவில் வெறுங்காலோடு நடந்தார்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

மேனாட்டிலும் இதற்கு ஓர் இணை உண்டு. இங்கிலாந்தில் குளொஸ்டர், ஹெரிபோர்ட், வூஸ்டர் ஆகிய மூன்று பேராலயங்களின் பாடகர் குழுவினர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஆண்டுக்கொரு நகரமாகக் கூடிப் பாடி வருகின்றனர். அவ்விழாவின் காணிக்கை ஏழைக் குருமாரின் விதவைகளுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் செலவிடப்பட்டது. ஆனால் அங்கே பேராலயம் முதலில் இருந்தது, பாடகர்கள் அதன் ஊழியர்கள். திருவையாற்றிலோ பாடகர்கள் முதலில் வந்தனர். கோயில் பின்னரே எழுந்தது. அதைக் கட்டியவரோ அங்கே வாய்திறக்க அனுமதி பெறாத ஒரு பெண்மணி.

அதற்குமுன் பிளவைச் சொல்ல வேண்டும். விழா தொடங்கிய சில ஆண்டுகளுக்குள் அண்ணன் பக்கத்தார் பெரிய கட்சி என்றும் தம்பி பக்கத்தார் சின்னக் கட்சி என்றும் பிரிந்தனர். ஒரு கட்சியின் ஐந்து நாள் விழா திதியன்று முடியும். மற்றதன் விழா அன்று தொடங்கி மேலும் நான்கு நாள் நடக்கும். பிற்காலத்தில் சூலமங்கலம் வைத்தியநாத பாகவதர் பெரிய கட்சிக்கும், வயலின் வித்துவான் மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை சின்னக் கட்சிக்கும் தூண்களாயினர். இன்ன காரணத்தால் பிரிந்தார்கள் என்று நுணுகி ஆராய்வதில் பெரும்பயன் இல்லை. சபைப் பிளவுகளைக் கண்டவர்கள் இதனை எளிதில் உணர்வர்: முதற்காரணத்தைப் பிள்ளைகள் மறந்துவிடுவர், பிரிவை மட்டும் காத்து வருவர். இரு கட்சிகளும் ஒரு செய்தியில் மட்டும் முழு உடன்பாடு கொண்டிருந்தன. பெண்கள் சமாதி முன் பாடக்கூடாது என்பதே அது.

பெங்களூர் நாகரத்தினம்மாள் 1878இல் பிறந்தவர், தேவதாசி மரபினர், கன்னடமும் தெலுங்கும் வடமொழியும் கற்றவர். முத்துப்பழனி என்ற 18ஆம் நூற்றாண்டுத் தஞ்சைப் பெண்கவி இயற்றிய தெலுங்கு நூலை 1910இல் பதிப்பித்து, அது ஆபாசமென்று அரசால் தடைசெய்யப்பட்டதால் பெரிய போராட்டத்தைக் கண்டவர். அத்தடை 1947இல்தான் நீங்கிற்று. சென்னையில் புகழோடும் செல்வத்தோடும் வாழ்ந்த அவருக்குத் தியாகராசர் சமாதி சீர்கெட்டுக் கிடக்கும் செய்தி, குருவான பிடாரம் கிருஷ்ணப்பாவின் கடிதம் மூலம் எட்டியது. 1921இல் அவர் திருவையாறு சென்று அவ்விடத்தைக் கண்டார். நிலத்தைப் பெற்று, தம் நகைகளையும் சொத்தையும் விற்றுக் கோயில் கட்டலானார். 1921 அக்டோபரில் அடிக்கல் நாட்டப்பட்டது; 1925 ஜனவரியில் குடமுழுக்கு நிறைவேறியது.

கோயில் அவருடையது. ஆயினும் அதன் முன் நடந்த விழாவில் பாட அவருக்கு இடமில்லை. கணிகையர் குலத்துப் பெண்கள் வந்து பாடினால் விழாவின் தூய்மை கெடும் என்பது அன்றைய வாதம். நம் வாசகர்கள் லூக்கா 7ஆம் அதிகாரத்தில் பரிசேயன் வீட்டுப் பந்தியை இங்கே நினைவுகூர்வர் என்பதில் ஐயமில்லை. நாகரத்தினம்மாளோ அழுதுகொண்டு நிற்கவில்லை. 1927 முதல் சமாதியின் பின்புறத்தில் பெண்களைக் கொண்டு தனி விழாவே நடத்தலானார். மக்கள் அதற்குப் பெண்கள் கட்சி என்று பெயரிட்டனர். இவ்வாறு மறைந்த ஒரு மகானுக்கு ஒரே இடத்தில் மூன்று விழாக்கள் நடந்தன. முன்புறத்துக் கூட்டத்தைவிடப் பின்புறத்துக் கூட்டம் சில ஆண்டுகளில் பெரிதாக இருந்திருந்தால் நாம் வியப்படையமாட்டோம்.

1940இல் மூன்று கட்சிகளும் இணைந்தன. அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர், முசிரி சுப்பிரமணிய ஐயர் போன்ற முன்னணி வித்துவான்களும், ஐ.சி.எஸ். அதிகாரியான எஸ். ஒய். கிருஷ்ணசாமியும் இவ்விணக்கத்துக்குப் பாடுபட்டனர். இணைந்தபின் எழுந்தது நம் பாடகர் குழுவின் அதே கேள்விதான்: முதலில் பாடுவது யார்? எவரை முன்னே நிறுத்தினாலும் மற்றவர் முகம் வாடும். இதற்குக் கண்ட வழி எளிதாயினும் அதுவரை எவருக்கும் தோன்றாதது. தியாகராசரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை அனைவரும் சேர்ந்து ஒரே குரலில் பாடுவது என்று முடிவாயிற்று. 1940களின் தொடக்கத்தில் புகுந்த அவ்வழக்கம் இன்றுவரை மாறவில்லை. பலர் அதை ஆதிகாலத்து மரபென்றே எண்ணிக்கொண்டிருக்கின்றனர்.

இசையமைப்பின் நோக்கில் இத்தேர்வு எத்துணை நுட்பமானது என்பதைச் சற்று நின்று காணவேண்டும். கருநாடக இசை அடிப்படையில் தனிக்குரலின் கலை. ஆலாபனை, நிரவல், கற்பனாசுரம் என்று பாடகர் தம் கற்பனையை அவ்வப்போதே விரித்துரைப்பதில்தான் அவருடைய பெருமை அடங்கியிருக்கிறது. இருவர் சேர்ந்து கற்பனை செய்ய முயன்றால் குழப்பமே விளையும். பஞ்சரத்தினங்களில் அதற்கு இடமில்லை. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ ஆகிய ஐந்து இராகங்களில், ஐந்தும் ஆதி தாளத்தில் அமைந்தவை. சரணந்தோறும் முதலில் சுரங்களைப் பாடிப் பின் அதே மெட்டில் சொற்களைப் பாடவேண்டும். எல்லாம் ஆசிரியரே நெய்து முடித்த துணி. பாடுவோர் சேர்க்க ஓர் இழைகூட இல்லை. எனவே மாபெரும் வித்துவானும் நேற்றுப் பாடம் முடித்த மாணவனும் அந்த ஒரு மணி நேரத்துக்குச் சமம். தம் கற்பனையை வாயிற்படியில் விட்டுவிட்டே எவரும் உள்ளே அமர இயலும்.

இன்னும் இரண்டு தியாகங்கள் தேவைப்பட்டன. சீடர் பரம்பரைக்குப் பரம்பரை பாடம் வேறுபடும். ஓரிடத்தில் ஒரு கமகம், ஓரிடத்தில் ஒரு சங்கதி. எல்லாரும் ஒன்றாகப் பாட வேண்டுமெனில் தம் குரு சொன்ன பாடத்தைச் சிலர் அங்கே விட்டுக்கொடுத்தாக வேண்டும். பரம்பரைப் பெருமை உள்ளோர்க்கு இது எளிதன்று. மற்றது சுருதி. ஆண்கள் ஒரு கட்டைச் சுருதியை ஒட்டியும் பெண்கள் ஐந்து கட்டையை ஒட்டியும் பாடுவது பொதுவழக்கு. மேனாட்டுக் குழுப்பாடலில் சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ் எனக் குரலுக்கொரு மெட்டு வகுத்து இச்சிக்கலைத் தீர்த்துவிட்டனர். நம் மரபில் மெட்டு ஒன்றே. ஆகவே ஏதேனும் ஒரு சாரார் தமக்கு வசதியில்லாத இடத்தில் பாடியே தீரவேண்டும். ஒற்றுமைக்குரிய விலையைச் சமமாகப் பகிர்ந்துகொள்ள இயல்வதில்லை என்பதை இங்கே காதாலேயே கேட்கலாம்.

இவ்வைந்தனுள் கௌளை இராகத்துக் கீர்த்தனை முழுவதும் பாவ அறிக்கை. தம் குற்றங்களை ஒன்றொன்றாக அடுக்கி, இத்தகைய என்னை யார் மீட்பார் என்று ஏங்குவது. ஸ்ரீ இராகத்தில் அமைந்த கடைசிக் கீர்த்தனை அடியார் பெருங்கூட்டத்துக்கு வணக்கம். சங்கீதப் புத்தகத்தில் ஊறிய செவிகளுக்கு இவை அந்நியமாக ஒலிக்கமாட்டா. ஒரு காலத்தில் ஒருவரையொருவர் பார்க்க மறுத்தவர்கள் அருகருகே அமர்ந்து பாவ அறிக்கையைச் சேர்ந்து பாடும் காட்சியைச் சிந்தித்துப் பார்க்கலாம். அவர்கள் பொருளுணர்ந்து பாடினார்களா என்பது வேறு கேள்வி. நம் பொதுப் பாவ அறிக்கை பற்றியும் அதே கேள்வியைக் கேட்கலாம்.

இவ்வரலாற்றைப் பொன்முலாம் பூசிச் சொல்ல நாம் விரும்பவில்லை. பெண்களுக்குத் திறந்த வாயில் தமிழுக்கு அவ்வளவு எளிதாகத் திறக்கவில்லை. 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை இயக்கம் உருக்கொண்டது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. 1946இல் திருவையாற்று மேடையில் எம். எம். தண்டபாணி தேசிகர் தமிழ்ப் பாடல் பாடியது பெரும் பூசலாக வெடித்தது. மேடை தீட்டுப்பட்டது என்று கூறப்பட்டதாக எழுந்த செய்தியைக் கண்டித்துக் 'குடிஅரசு' இதழில் கட்டுரை வந்தது; அதை எழுதியவர் மு. கருணாநிதி. ஒரே குரலில் பாடுவோர் எந்த மொழியில் பாடுவது என்பது, யார் பாடுவது என்பதைவிட ஆழமான கேள்வியாய் நின்றது.

இக்கேள்வி திருவையாற்றுக்கு மட்டும் உரியதன்று. காவிரியைக் கடந்து தஞ்சைக்கு வந்தால், தியாகராசர் வாழ்ந்த அதே காலத்தில் நம் கவிராயரும் அங்கே பாடிக்கொண்டிருந்ததைக் காண்கிறோம். 1774 முதல் 1864 வரை வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியார், சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர். சரபோஜி மன்னரும் அதே ஐயரின் மாணாக்கர். சாஸ்திரியாரின் கீர்த்தனைகளும் குறவஞ்சியும் தமிழ்ச் சபையின் செல்வம். எனினும் 1820களில் வந்த புதிய மிஷனெரிமார் அவற்றை ஐயத்தோடு நோக்கினர். பிற மொழிகளிலிருந்து பெயர்க்கப்பட்ட ஞானப்பாட்டுகளே ஆலயத்துக்கு ஏற்றவை என்பது அவர்கள் எண்ணம். பூசல் முற்றி 1829இல் சாஸ்திரியார் தம் பணியை இழந்தார். சரபோஜியின் அரசவை அவரை ஆதரித்தது. இங்கே நாம் நேர்மையாக ஒன்று கூறவேண்டும். அதே பூசலில் சாஸ்திரியார் ஆலயத்தில் சாதி முறைமை நீடிப்பதையும் தாங்கி எழுதினார். பாட்டைப் பற்றி அவர் சொன்னது சரி. இருக்கையைப் பற்றிச் சொன்னது தவறு. மிஷனெரிமாரைப் பற்றி இதைத் தலைகீழாகச் சொல்லலாம். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஐயர் தஞ்சைக் கவிராயரின் பாடல்களை நாடி வந்து, 1853இல் கீர்த்தனைத் தொகுப்பு ஒன்றை அச்சேற்றிய பின்னரே அவை சபைகளெங்கும் பரவின. இன்றும் நம் கீர்த்தனைப் புத்தகத்தில் பாடலின் தலைப்பில் இராகமும் தாளமும் அச்சாகியிருக்கின்றன. அவற்றைப் படித்தறிந்து பாடும் குழுக்கள் எத்தனை என்று நாம் எண்ண முற்படவில்லை.

அதே தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதரும் வாழ்ந்தார். 1859இல் தென்காசிப் பக்கத்துச் சாம்பவர்வடகரையில் பிறந்து, பள்ளி ஆசிரியராயிருந்து, பின் சித்த மருத்துவத்தால் பொருளீட்டிய இந்தச் சீர்திருத்தச் சபைக் கிறிஸ்தவர், 1912 முதல் தம் செலவிலேயே இசை மாநாடுகளைக் கூட்டினார். வித்துவான்களை வரவழைத்து, விருந்தளித்து, சுருதிகளைப் பற்றி விவாதிக்கச் செய்தார். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் அவர் தம் கொள்கையை விளக்கியபோது, அதைப் பாடிக் காட்டியவர்கள் அவருடைய பெண்மக்கள். திருவையாற்றில் பெண்கள் பாட இன்னும் கால் நூற்றாண்டு கழிய வேண்டியிருந்தது என்பதை இவ்விடத்தில் ஒப்பிட்டுக் காண்க. 1917இல் வெளியான அவருடைய 'கருணாமிர்த சாகரம்' தமிழிசை ஆராய்ச்சிக்குக் கால்கோளாயிற்று. ஆனால் அவருடைய மாநாடுகள் அவரோடு நின்றன. ஒருவர் மடிச்சீலையால் நடப்பதற்கும் பலர் உஞ்சவிருத்தியால் நடப்பதற்கும் உள்ள வேறுபாடு இது போலும்.

நம் நாளில் இவ்விவாதத்தை வேறு திசையில் செலுத்தியவர், மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு. 'பரட்டை' என்று மாணவர் அழைத்த அவர் 2005இல் மறைந்தார். கருநாடக இசைக் கீர்த்தனை மேற்குலத்தாரின் குரல் என்றும், சிற்றூர்ச் சபைகள் தம் நாட்டுப்புற மெட்டிலேயே ஆண்டவரைத் தொழ வேண்டுமென்றும் அவர் வற்புறுத்தினார். கற்றோர் சிலர் பாட மற்றோர் கேட்பது வழிபாடாகாது, எல்லாரும் பாடக்கூடியதே வழிபாட்டுப் பாடல் என்பது அவர் கொள்கையின் சாரம். அவருடைய முடிவு முழுவதையும் நாம் ஏற்கிறோமில்லை. சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைக் கிழவிகள் புத்தகமின்றிப் பாடும் சபைகளை நாம் கண்டிருக்கிறோம். ஆயினும் திருவையாற்றில் வித்துவான்களே தம் வித்தையை ஒரு மணி நேரம் அடக்கிவைத்து எல்லாரும் பாடக்கூடியதை நாடினர் என்பதை எண்ணும்போது, அப்பாவு கேட்டது அவ்வளவு புதுமையன்று என்றும் தோன்றுகிறது.

இணைந்த விழாவை ஸ்ரீ தியாகப்பிரம்ம மகோற்சவ சபை நடத்தி வருகிறது. தலைமைப் பொறுப்பு கபிஸ்தலம் மூப்பனார் குடும்பத்தார் போன்ற பெருநிலக்கிழாரிடம் சென்றபோதிலும், செயலாளர் பொறுப்பைப் பாடுவோரும் வாசிப்போரும் விட்டுவிடவில்லை. 2008இல் மறைந்த வயலின் வித்துவான் குன்னக்குடி வைத்தியநாதன் பல்லாண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். வானொலியும் தொலைக்காட்சியும் வந்தபின், பஞ்சரத்தின வேளையில் முன்வரிசையில் இடம்பிடிக்கும் ஆவல் மிகுந்துவிட்டதாகக் குறைகூறுவோர் உண்டு. குறை மெய்யே. முன்வரிசை என்பது மனிதருக்கு என்றும் ஒரு நோய்தான்.

நாகரத்தினம்மாள் தம் இறுதி ஆண்டுகளைத் திருவையாற்றிலேயே கழித்து 1952 மே மாதத்தில் மறைந்தார். தம் சொத்தை அக்கோயிலின் வழிபாட்டுக்கென எழுதி வைத்தபோது, அங்கே பெண்கள் பாடுவதற்குத் தடை இருக்கலாகாது என்பதையும் உறுதிசெய்தார். அவருடைய நினைவிடம் தியாகராசர் சமாதியை நோக்கியவாறு அமைந்திருக்கிறது. கைகூப்பிய நிலையில் அவருருவம் அங்கே இருக்கிறது. ஆண்டுதோறும் பஞ்சரத்தினம் பாட அமர்வோர் அவரைக் கடந்தே செல்லவேண்டும்.

நாம் தொடக்கத்தில் குறித்த பாடகர் குழுவின் வழக்கு இன்னும் தீரவில்லை. தனிப்பாடலை நீக்கிவிட்டு எல்லாரும் சேர்ந்து பாடக்கூடிய கீர்த்தனை ஒன்றை எடுக்கலாம் என்று சொல்லி வந்தோம். எந்தச் சுருதியில் என்று உடனே ஒருவர் கேட்டார். வருகிற ஞாயிறு மாலை மீண்டும் கூடுகிறோம்.